எம்.பி.பி.எஸ். சேர என்ன படிக்க வேண்டும், எவ்வளவு வாங்க வேண்டும்: பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு முழு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் மர்பி டவுனிலிருந்து ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் மகனின் இரண்டாம் பி.யூ.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, மார்க்ஸ் கார்டு. 600-க்கு 391, முதல் வகுப்பு. நீட் தேர்விலும் பையன் தகுதி பெற்றிருந்தான். எம்.பி.பி.எஸ். கிடைக்காவிட்டாலும் தனியார் கல்லூரியில் பி.டி.எஸ். என்ற பல் மருத்துவ இடமாவது கிடைத்துவிடும் என்று பணம் புரட்டி வைத்திருந்தார்கள். சான்றிதழ் சரிபார்க்கும் இடத்தில் தகுதியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ் மிஸ். எப்படி இல்லேங்கறாங்க?"

கார்டை வாங்கிப் பார்த்தேன். தமிழ் 92, ஆங்கிலம் 81, கணக்கு 70. இயற்பியல் 41, வேதியியல் 44, உயிரியல் 63. கடைசி மூன்றையும் கூட்டினால் 148. 300-க்கு 148 என்றால் 49.33 சதவீதம். பொதுப்பிரிவுக்கு வேண்டியது 50. இரண்டே இரண்டு மதிப்பெண்ணில் ஒரு வருடம் போயிற்று.

பெங்களூரில் பி.யூ. கல்லூரி ஒன்றில் நெடுங்காலமாக உயிரியல் நடத்துகிறேன். அந்த அம்மாவைப் போல வருடத்துக்கு நாலைந்து பேராவது வருகிறார்கள். எல்லோரும் நீட் முடிந்த பிறகுதான் வருகிறார்கள். ஆனால் பிள்ளை மருத்துவம் படிக்கத் தகுதி உள்ளவரா என்பது பெரும்பாலும் அதற்கு இரண்டு வருடம் முன்பே, பத்தாம் வகுப்பு முடிந்து கல்லூரி விண்ணப்பத்தில் காம்பினேஷனுக்கு, அதாவது பாடத் தொகுப்புக்கு, டிக் போடும் நாளிலிருந்தே முடிவாகத் தொடங்கிவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியை அந்த நாளிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல் படி: காம்பினேஷன்

மருத்துவத்துக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகிய நான்கும் கட்டாயம். உயிரியலுக்குப் பதிலாக உயிர்த்தொழில்நுட்பம் படித்திருந்தாலும் செல்லும். இந்த நான்கிலும் தனித்தனியாகத் தேர்ச்சி பெற வேண்டும். கணக்கு கட்டாயமில்லை.

கர்நாடக பி.யூ.சி.யில் இரண்டு மொழிப்பாடம், நான்கு விருப்பப்பாடம். மொத்தம் ஆறு, 600 மதிப்பெண். அறிவியலில் இங்கே அதிகம் கிடைப்பது பி.சி.எம்.பி.யும் பி.சி.எம்.சி.யும். இயற்பியல், வேதியியல், கணக்கு இரண்டிலும் உண்டு. நான்காவதாக முதலாவதில் உயிரியல், இரண்டாவதில் அந்த இடத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ். எழுத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். "பி.சி.எம்.பி. ஃபுல் ஆயிடுச்சு, இப்போதைக்கு இதுல சேருங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்று ஒரு கல்லூரி அலுவலகத்தில் சொன்னதை நம்பிச் சேர்ந்த பெண் ஒருத்தி கடைசிவரை மாற்ற முடியாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் சொல்லும் இடத்தில் சேர்க்க வேண்டாம். உயிரியல் இருக்கும் வேறு கல்லூரி கிடைக்கும்.

கணக்கு எடுக்கலாமா, வேண்டாமா என்றுதான் வீட்டில் பெரிய வாக்குவாதம் நடக்கும். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் 60-க்கு மேல் வாங்கிய பிள்ளை என்றால் பி.சி.எம்.பி.யில் சேர்த்துவிடுங்கள். இயற்பியலுக்கே வெக்டரும் கால்குலஸும் தேவைப்படுகிறது, அதைக் கணக்கு வகுப்பில் கற்றுக்கொண்டால் பாதி பாரம் குறையும். நீட் கைகூடாவிட்டால் கர்நாடக நுழைவுத்தேர்வான சி.இ.டி. எழுதிப் பொறியியலுக்கும் போகலாம். அந்த ரேங்க் சி.இ.டி. மதிப்பெண்ணையும் பி.யூ.சி. மதிப்பெண்ணையும் பாதிக்குப் பாதி சேர்த்துப் போடுவது. ஆனால் கணக்கு என்றாலே அழுகிற பிள்ளையை அதில் தள்ள வேண்டாம். தினமும் இரண்டு மணி நேரத்தை அது தின்றுவிடும், அந்த இரண்டு மணி நேரம் இயற்பியலிலிருந்துதான் போகும். கணக்கில்லாத காம்பினேஷன் தரும் பி.யூ. கல்லூரிகள் குறைவு, தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் இது எளிது. கணக்கின் இடத்தில் உடற்கல்வியோ உளவியலோ எடுத்துக்கொள்ளலாம்.

மொழிப்பாடத்தில் ஆங்கிலம் போக மற்றொன்றாகத் தமிழை எடுக்க முடியும். கர்நாடக வாரியம் இரண்டாம் பி.யூ.சி.யில் தமிழுக்குத் தேர்வு நடத்துகிறது. கல்லூரியில் தமிழுக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அல்சூர், சிவாஜிநகர்ப் பக்கத்துப் பிள்ளைகளில் வீட்டில் தமிழ் பேசியும் எழுதத் தெரியாதவர்கள் நிறைய. மதிப்பெண் வரும் என்ற ஆசையில் அவர்களைத் தமிழில் சேர்த்தால் அது இன்னொரு பாரமாகிவிடும். பள்ளியில் எழுதிப் படித்த மொழியே நல்லது.

ஐ.பி. என்ற சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. வழக்கமான ஐ.பி. டிப்ளமாவில் இரண்டு அறிவியல் பாடங்களுக்குத்தான் இடம். மூன்று அறிவியலும் வேண்டுமென்றால் மருத்துவச் சேர்க்கைக்கு அவசியம் என்று காரணம் காட்டி, நான்-ரெகுலர் டிப்ளமா என்ற ஏற்பாட்டுக்குப் பள்ளி முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பு தொடங்கும் முன்பே ஒருங்கிணைப்பாளரிடம் பேசிவிடுங்கள்.

இரண்டாம் படி: அந்த 50 சதவீதக் கணக்கு

மருத்துவச் சேர்க்கைக்குப் பார்ப்பது இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றின் கூட்டு மதிப்பெண். மொழியிலும் கணக்கிலும் எவ்வளவு வாங்கினாலும் அது இங்கே சேராது. பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், அதாவது 300-க்கு 150. எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கு 40 சதவீதம், 120. பொதுப்பிரிவு மாற்றுத்திறனாளிகளுக்கு 45 சதவீதம், 135. கர்நாடக ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோரான கேட்டகரி-1, 2ஏ, 2பி, 3ஏ, 3பி பிரிவினருக்கும் 40 சதவீதம் போதும். 49.33-ஐ 50 என்று வைத்துக்கொள்ள வழியில்லை.

வருடத் தொடக்கத்திலேயே பிள்ளையோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடுங்கள். ஒவ்வோர் அறிவியல் பாடத்திலும் எழுத்துத் தேர்வுக்கு 70, பிராக்டிகலுக்கு 30. மூன்றிலும் சேர்த்துப் பிராக்டிகலுக்கு மட்டும் 90. ஒழுங்காக ரெக்கார்டு எழுதி, லேபுக்கு வந்து, வைவாவில் வாய் திறந்து பதில் சொல்கிற பிள்ளைக்கு ஒரு பாடத்தில் 28 வருவது சாதாரணம். மூன்றுக்கும் 84 ஆகிவிட்டது. 150-க்கு மீதி 66, பாடத்துக்கு 22. எழுத்துத் தேர்வில் தனியாகத் தேர்ச்சி மதிப்பெண் உண்டு என்பதை மறக்கக் கூடாது, ஆனாலும் 50 சதவீதம் எட்டாத உயரம் இல்லை என்பது இந்தக் கணக்கில் தெரிந்துவிடும். மர்பி டவுன் பையன் நீட் கோச்சிங்குக்காக லேபைப் பலமுறை விட்டிருந்தான். இயற்பியல் பிராக்டிகலில் அவனுக்கு வந்தது 19.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்று, சதவீதமும் பெர்சன்டைலும். பி.யூ.சி.யில் 50 சதவீதம் என்பது 300-க்கு 150 வாங்குவது. நீட் தேர்வில் பொதுப்பிரிவுக்கு 50-ஆவது பெர்சன்டைல் என்பது எழுதியவர்களில் பாதிப் பேரைத் தாண்டி நிற்பது. 2023-இல் அதற்கு 720-க்கு 137 போதுமாக இருந்தது, 2024-இல் 162 ஆயிற்று, 2025-இல் 144. வினாத்தாளைப் பொறுத்து வருடா வருடம் மாறும். எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி.க்கு 40-ஆவது பெர்சன்டைல், பொதுப்பிரிவு மாற்றுத்திறனாளிகளுக்கு 45-ஆவது. இரண்டு தகுதியும் தனித்தனி. ஒன்றில் மிஞ்சியதை மற்றொன்றில் ஈடுகட்ட முடியாது.

மூன்றாம் படி: அட்டெண்டன்ஸ்

பி.யூ.சி.யிலும் சி.பி.எஸ்.இ.யிலும் 75 சதவீத வருகை கட்டாயம். ஒரு வருடத்தில் 200 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் 150 நாள் வந்தாக வேண்டும். ஐம்பது நாள் கையில் இருக்கிறதே என்று தோன்றும். டைபாய்டு ஒரு முறை, ஊரில் திருவிழா, அக்கா கல்யாணம், கோச்சிங் நிறுவனத்தின் மாதத் தேர்வுகள் என்று ஜனவரிக்குள் அது கரைந்துவிடும். மருத்துவச் சான்றிதழை அந்தந்த வாரமே அலுவலகத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்து டம்மி பள்ளி பற்றியும் சொல்ல வேண்டும். பெயரைப் பள்ளியில் பதிந்துவிட்டு நாள் முழுவதும் கோச்சிங் சென்டரிலேயே உட்கார வைக்கும் ஏற்பாடு. இதைச் செய்யாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். சி.பி.எஸ்.இ. திடீர் ஆய்வு நடத்திப் பள்ளிகளின் அங்கீகாரத்தையே ரத்து செய்திருக்கிறது. பள்ளிக்கு வராத மாணவர்களைத் தேர்வெழுத விட மாட்டோம் என்றும் சொல்லிவிட்டது. அதற்கும் மேலாக, பதினாறு வயதில் நண்பர்கள் இல்லை, விளையாட்டு இல்லை, லேபில் தவளை எலும்புக்கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை என்று ஆகிவிடும் பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

கல்லூரிக்குள்ளேயே கோச்சிங்கும் நடக்கும் இன்டகிரேட்டட் முறை வேறு. அது நேரத்தை மிச்சப்படுத்தும். சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வாரத்தில் எத்தனை மணி நேரம் லேப்?

நான்காம் படி: நீட் தேர்வுக்கான வயதும் பாடச் சுமையும்

சேரும் வருடத்தின் டிசம்பர் 31-ஆம் தேதி 17 வயது நிறைந்திருக்க வேண்டும். சின்ன வயதிலேயே பள்ளியில் சேர்த்துவிட்ட குடும்பங்கள் பிறந்த தேதியை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மேல் வயது வரம்பு 2022-இல் நீக்கப்பட்டது. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்.

மொத்தம் 180 கேள்விகள், 180 நிமிடம், 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிப்பார்கள். உயிரியலில் 90 கேள்வி, இயற்பியலிலும் வேதியியலிலும் தலா 45. கணிதப்படி பார்த்தால் 720-இல் பாதி உயிரியல். ஒரே மதிப்பெண்ணில் பலர் நின்றாலும் முதலில் உயிரியல் மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். உயிரியல் ஆசிரியை என்பதால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 90 கேள்விகளை 45 முதல் 50 நிமிடத்துக்குள் முடித்துவிடும் பிள்ளைதான் இயற்பியல் கணக்குகளுக்கு நேரம் வைத்திருப்பாள். அந்த வேகம் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை வரி வரியாக, படத்துக்குக் கீழே உள்ள குறிப்பு வரை படித்தவர்களுக்குத்தான் வரும். கர்நாடக பி.யூ.சி.யிலும் அறிவியலுக்கு என்.சி.இ.ஆர்.டி. பாடமே. ஆகவே வாரியத் தேர்வுக்கு ஒரு படிப்பு, நீட் தேர்வுக்கு இன்னொரு படிப்பு என்று பிரிக்க வேண்டியதில்லை. முதல் பி.யூ.சி. பாடமும் நீட் தேர்வில் கிட்டத்தட்டப் பாதி வரும், அதைத் தேர்ச்சி பெற்றவுடன் மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். இரண்டாம் வருடம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை காலையை முதல் வருடப் பாடத்துக்கென்றே ஒதுக்குங்கள்.

தேர்வு தமிழிலும் எழுதலாம். ஆனால் தமிழ் வினாத்தாள் கர்நாடக மையங்களில் கிடைக்காது. பெங்களூர் மையத்தில் எழுதும் பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே பயிற்சி எடுப்பது நல்லது.

ஐந்தாம் படி: எந்த மாநிலத்துக்காரர்?

நம் குடும்பங்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். மதிப்பெண் இருக்கும், நீட் ரேங்க் இருக்கும், எந்தக் கதவைத் தட்டுவது என்பது தெரியாது.

அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு. அதை எம்.சி.சி. என்ற மத்தியக் குழு நடத்துகிறது. எய்ம்ஸ், ஜிப்மர் இடங்களும் அதன் வழியேதான். அதற்கு எந்த மாநிலத்தவர் என்பது தடையில்லை. மீதி 85 சதவீதம் அந்தந்த மாநிலத்துக்கு. சிட்டி மார்க்கெட் பக்கத்து விக்டோரியா மருத்துவமனையோடு சேர்ந்த பெங்களூர் மருத்துவக் கல்லூரியில் நம் பிள்ளைக்கு இடம் கிடைக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் கர்நாடக ஒதுக்கீட்டில்தான் முயல வேண்டும். அதை நடத்துவது கர்நாடகத் தேர்வு ஆணையமான கே.இ.ஏ. நீட் எழுதினால் பெயர் தானாக அங்கே போய்ச் சேராது. கே.இ.ஏ.வில் தனியாகப் பதிந்து சான்றிதழ்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கர்நாடக ஒதுக்கீட்டுக்குத் தாய்மொழி கன்னடமாக இருக்க வேண்டியதில்லை. அதிகம் பேர் வருவது ஏழு வருட விதியின் கீழ். ஒன்றாம் வகுப்பு முதல் இரண்டாம் பி.யூ.சி. வரையிலான காலத்தில் குறைந்தது ஏழு வருடம் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும், பத்தாம் வகுப்பையோ பன்னிரண்டாம் வகுப்பையோ கர்நாடகத்தில் தேறியிருக்க வேண்டும். ஒரே வகுப்பில் இரண்டு வருடம் இருந்தாலும் ஒன்றாகவே எண்ணுவார்கள். இன்னொரு விதியும் உண்டு. பிள்ளை இரண்டு பி.யூ.சி. வருடங்களையும் இங்கே படித்திருந்து, அப்பா அம்மா இருவரில் ஒருவர் கர்நாடகத்தில் ஏழு வருடம் படித்திருந்தாலும் தகுதி வரும். காக்ஸ் டவுனிலோ ஸ்ரீராம்புரத்திலோ தலைமுறையாக இருக்கும் குடும்பங்களுக்கு இந்த இரண்டாவது விதி உதவும். அம்மா படித்த பள்ளியிலேயே போய்ச் சான்று வாங்கலாம்.

ஒசூர்க் குடும்பங்களுக்குத்தான் தலைவலி. வீடு ஒசூரில், அப்பாவுக்கு வேலை எலெக்ட்ரானிக் சிட்டியில், பிள்ளை சில வருடம் அத்திப்பள்ளி தாண்டி இந்தப் பக்கம், சில வருடம் அந்தப் பக்கம். ஒரு தாளில் வகுப்பு வாரியாக எழுதிப் பாருங்கள். ஒன்று முதல் ஐந்து வரை பெங்களூர், ஆறு முதல் பத்து வரை ஒசூர், பி.யூ.சி. பெங்களூர் என்றால் ஐந்தும் இரண்டும் ஏழு. பன்னிரண்டாம் வகுப்பையும் இங்கே தேறினால் கர்நாடகக் கதவு திறக்கும். இதே பிள்ளை பதினொன்று, பன்னிரண்டையும் ஒசூரிலேயே படித்திருந்தால் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்த கணக்கில் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டுக்குப் போகலாம், தனியே இருப்பிடச் சான்று தேவைப்படாது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பக்கம் சேர்ப்பது என்று முடிவெடுக்கும் முன் இந்தத் தாளை எழுதிவிடுங்கள்.

பெங்களூரிலேயே படித்திருந்தாலும் பூர்வீகம் தமிழ்நாடு என்றால், நேட்டிவிட்டி சான்றிதழும் பெற்றோரின் ஆவணங்களும் வைத்துத் தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் விண்ணப்பிக்க வழி உண்டு. தமிழ்நாட்டில் அரசு மருத்துவ இடங்கள் அதிகம். ஆனால் இரண்டு மாநிலத்திலும் சொந்த மாநிலத்தவர் என்று கோரக் கூடாது. தெரிந்தால் சேர்க்கையே ரத்தாகும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கானது.

அடுத்தது சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் வாங்கிய எஸ்.சி., பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் கர்நாடக ஒதுக்கீட்டில் செல்லாது. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர் பழைய மாநிலத்தின் எஸ்.சி., எஸ்.டி. சலுகையைப் புதிய மாநிலத்தில் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. அகில இந்திய ஒதுக்கீட்டில் சொந்த மாநிலத்து எஸ்.சி. சான்றிதழ் செல்லும். ஓ.பி.சி.க்கு மத்தியப் பட்டியலில் சாதி இருக்க வேண்டும், மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் என்ற வசதி படைத்த பிரிவில் இல்லை என்ற சான்றோடு இருக்க வேண்டும். தேவைப்படும் மதிப்பெண்ணும் இதோடு மாறும் என்பதைக் கவனியுங்கள். ஒரே பிள்ளைக்கு எம்.சி.சி.யில் ஓ.பி.சி. என்பதால் 120 போதும், அதே பிள்ளை கே.இ.ஏ.வில் பொதுப்பிரிவாக நின்றால் 150 வேண்டும். மர்பி டவுன் குடும்பத்திடம் எந்தச் சான்றிதழும் இல்லை. "அதெல்லாம் நமக்கு எதுக்குன்னு அவங்கப்பா விட்டுட்டாரு மிஸ்" என்றார் அந்த அம்மா.

தலைமுறைகளாகக் கர்நாடகத்திலேயே இருப்பவர்கள், சாதி கர்நாடகப் பட்டியலிலும் இருந்தால், நாட கச்சேரி என்ற வருவாய்த்துறை அலுவலகத்தில் விண்ணப்பித்துத் தாசில்தாரிடம் சான்றிதழ் வாங்கலாம். அதில் வரும் ஆர்.டி. எண்ணைத்தான் கே.இ.ஏ. விண்ணப்பத்தில் கேட்பார்கள். பாட்டனாரின் பள்ளிச் சான்று, வீட்டு வரி ரசீது எதுவானாலும் பழையதாகத் தேடி எடுங்கள்.

ஆறாம் படி: பெயரும் ஸ்டடி சர்டிபிகேட்டும்

தமிழர்களுக்கென்றே வாய்த்த தொல்லை இனிஷியல். எஸ்.எஸ்.எல்.சி. கார்டில் பெயருக்குப் பின்னால் எஸ் என்று ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, சாதிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக. நான்கும் ஒரே பிள்ளைதான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புக் கார்டில் உள்ள பெயரையே அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கு ஏற்றபடி திருத்துங்கள். ஆதாரைத் திருத்துவது எளிது. மார்க்ஸ் கார்டைத் திருத்த மாதங்கள் ஆகும். ஒன்பதாம் வகுப்பில் பள்ளி பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்க அனுப்பும்போதே கவனமாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

ஏழு வருட விதிக்கு ஆதாரம் ஸ்டடி சர்டிபிகேட். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, எந்தெந்த வகுப்பு என்று எழுதி, வட்டாரக் கல்வி அலுவலரான பி.இ.ஓ.வின் மேலொப்பத்தோடு வாங்க வேண்டும். மூடிப்போன சின்னப் பள்ளிகள் இந்த ஊரில் எத்தனையோ. அப்படிப்பட்ட பள்ளியின் பதிவேடு பி.இ.ஓ. அலுவலகத்தில்தான் இருக்கும், தேடி எடுக்க நாளாகும். முதல் பி.யூ.சி. விடுமுறையில் இந்த வேலையை முடித்துவிடுங்கள். பத்து வருடம் கிராமப் பள்ளியில் படித்தவர்களுக்கும் கன்னட வழியில் படித்தவர்களுக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. தங்கவயல் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகள் இதைக் கேட்டுப் பாருங்கள், அந்தச் சான்றுக்குத் தனிப் படிவம்.

ஏழாம் படி: மதிப்பெண் குறைந்துவிட்டால்

முன்பு ஒரு வருடத்தையே விழுங்கிய பிரச்சினைக்கு இப்போது கர்நாடகத்தில் வழி பிறந்திருக்கிறது. 2024 முதல் இரண்டாம் பி.யூ.சி.க்குத் தேர்வு 1, தேர்வு 2 என்று ஒரே வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வாய்ப்பு. தேறியவர்களும் மதிப்பெண்ணை உயர்த்த அடுத்த தேர்வை எழுதலாம், அதிகம் வந்த மதிப்பெண்ணே நிற்கும். முதல் தேர்வு முடிவு வந்த அன்றைக்கே மூன்று பாடக் கூட்டலைப் போடுங்கள். 150-க்குக் கொஞ்சம் மேலே 152, 153 என்று இருக்கும்போது மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பதானால், மதிப்பெண் இறங்கிவிட வாய்ப்பு உண்டா என்று முதலில் ஆசிரியரிடம் கேளுங்கள். 150-க்குக் கீழே என்றால் எந்தப் பாடத்தில் எளிதாக ஏற்ற முடியுமோ அதை எழுத வையுங்கள். நீட் நடப்பதும் அதே வாரங்களில்தான். மூன்று பாடத்தையும் எழுதாமல் ஒரு பாடத்தை மட்டும் எடுப்பது நல்லது. சி.பி.எஸ்.இ.யிலும் ஒரு பாடத்தில் மதிப்பெண் உயர்த்தத் துணைத்தேர்வு உண்டு.

பன்னிரண்டில் உயிரியலே படிக்காதவர்களுக்கும் வழி உண்டு. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தபடி, பன்னிரண்டு தேறிய பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் தகுதி உண்டு. பி.சி.எம்.சி. படித்துவிட்டுப் பொறியியலில் மனம் ஒட்டாமல் திரும்பி வந்த பையன் ஒருவனுக்குப் போன வருடம் நான் பாடம் நடத்தினேன். அவன் இரண்டு வருடப் பாடத்தை ஒன்பது மாதத்தில் படித்தான். முடியும், ஆனால் பிராக்டிகலுக்கு இடம் கொடுக்கும் பள்ளியை முதலில் உறுதி செய்துகொண்டு இறங்குங்கள்.

மதிப்பெண் தகுதி இருந்து நீட் ரேங்க் மட்டும் போதாதவர்கள் லாங் டேர்ம், அதாவது இன்னொரு வருடம் கோச்சிங், போவதா என்று கேட்பார்கள். முதல் முயற்சியில் 400-க்கு மேல் வாங்கி, எங்கே விட்டோம் என்று தானே எடுத்துச் சொல்லத் தெரிந்த பிள்ளையை ஒரு வருடம் விடலாம். பெற்றோருக்காக உட்காரும் பிள்ளையை விட வேண்டாம். உயிரியலை வைத்தே பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபி, ஆய்வகத் தொழில்நுட்பம் என்று மருத்துவமனை வேலைகள் இருக்கின்றன. நர்சிங்குக்குக் கர்நாடகத்தில் சி.இ.டி. எழுதியிருக்க வேண்டும். அதனால் நீட் மட்டும் போதும் என்று சி.இ.டி.யை விட்டுவிடாதீர்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால்

இங்கே 50 சதவீதம் இல்லாவிட்டாலும் அங்கே சேர்த்துவிடலாம் என்று முகவர்கள் சொல்வார்கள். சேர்த்துவிடுவார்கள்தான். திரும்பி வந்து இந்தியாவில் மருத்துவராகப் பதிவு செய்யும்போது தடை வரும். போகும் முன்பே நீட் தகுதியும் இந்தியச் சேர்க்கைக்கு வேண்டிய பாடத் தகுதியும் இருக்க வேண்டும். அந்த நீட் மதிப்பெண் வெளிநாட்டுச் சேர்க்கைக்கு மூன்று வருடம் செல்லும். 2021-இல் வந்த விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில், அதே கல்வி நிறுவனத்தில் 12 மாத இன்டர்ன்ஷிப்போடு இருக்க வேண்டும். பிறகு இங்கே உரிமத் தேர்வு, இன்னொரு 12 மாத இன்டர்ன்ஷிப். கல்லூரியின் பெயரை வைத்து முடிவெடுக்காமல், படிப்புக் காலம், பயிற்று மொழி, அங்கே நடக்கும் இன்டர்ன்ஷிப் ஆகிய விவரங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சரிபார்ப்பு நாள்

கே.இ.ஏ. அலுவலகம் மல்லேஸ்வரத்தில், சம்பிகே சாலை 18-ஆவது கிராஸில் இருக்கிறது. அந்த நாட்களில் வாசலில் கூட்டம் நிற்கும். எஸ்.எஸ்.எல்.சி. கார்டு, இரண்டு பி.யூ.சி. கார்டு, நீட் மதிப்பெண் அட்டையும் ஹால் டிக்கெட்டும், ஸ்டடி சர்டிபிகேட்டுகள், சாதி, வருமானச் சான்றுகள் எல்லாவற்றுக்கும் அசலோடு இரண்டு செட் நகல் வையுங்கள். அந்தந்த வருடத்தின் கையேட்டை அச்செடுத்து, உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும் விதியின் கீழ்க் கோடு போட்டு, அதையும் ஃபைலின் மேலேயே வையுங்கள். கவுண்டரில் இருப்பவர் கன்னடத்தில் கேட்பார். எந்த விதியின் கீழ் வருகிறோம், எத்தனை வருடம் எங்கே படித்தோம் என்ற இரண்டையும் பிள்ளையே கன்னடத்தில் சொல்லும்படி முதல் நாள் வீட்டில் சொல்லிப் பார்க்க வையுங்கள். ஸ்டடி சர்டிபிகேட்டில் வருடங்களுக்கு இடையே எங்காவது இடைவெளி இருந்தால் அதற்கான காரணச் சான்று அந்தத் தாளுக்கு அடுத்ததாகவே இருக்கட்டும், கேட்டதும் எடுத்துக் கொடுக்க.